நமீபியாவில் கடலோரமாகவே காரில் போக முடியுமா?

கேள்வி: நான், மனைவி, நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 67 வயது அப்பா, மூன்று பேரும் ஜூலையில் 12 நாள் நமீபியா போகிறோம். தெற்கே லூடெரிட்ஸில் தொடங்கி வடக்கே ஸ்வாகோப்முண்ட் வரை கடலோரமாகவே வாடகைக் காரில் போக ஆசை. வைரச் சுரங்கம், மணற்குன்று, கடல் மூன்றையும் அந்த ஒரே வழியில் பார்த்துவிடலாமா?

பதில்: முடியாது. அந்த வழி கிடையாது. மூன்றையும் பார்க்கலாம், ஆனால் கடலை விட்டு உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். நான் ஸ்வாகோப்முண்டில் மூன்று வருடம் குடியிருந்தவன். யுரேனியச் சுரங்கங்களுக்குப் பாறை மாதிரி சோதிக்கும் வேலை. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

லூடெரிட்ஸிலிருந்து வால்விஸ் பே துறைமுகம் வரை நேர்கோட்டில் 400 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் ஒரு ஊர் கிடையாது, பங்க் கிடையாது, சாலை கிடையாது. உரிமம் பெற்ற சில வழிகாட்டிகள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஐந்தாறு நாள் மணலில் படுத்துத் தூங்கிக் கூட்டிப்போவார்கள். 67 வயதில் அது வேண்டாம். நீங்கள் போகிற வழி ஆஸ், செஸ்ரியம், சாலிட்டேர் என்று உள்நாட்டுக்குள் வளைந்து 800 கிலோமீட்டர் வரும்.

இந்தக் கரை ஏன் இப்படிக் காலியாகக் கிடக்கிறது என்பது தெரிந்தால் பயணத்தில் பாதி புரிந்துவிடும். முதல் காரணம் கடல். அண்டார்டிகா பக்கமிருந்து பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. அதன்மேல் இருக்கும் காற்றும் குளிர்ந்து கனமாகி மேலே எழும்பாமல் கிடப்பதால் மேகம் மழையாவதில்லை, மூடுபனியாக மட்டும் ஊருக்குள் நுழைகிறது. ஸ்வாகோப்முண்டில் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 20 மில்லிமீட்டர் மழை தேறாது. நம் ஊரில் ஐப்பசியில் ஒரு மாலை நேரத்துக்கே அது காணாது.

இரண்டாவது காரணம் வைரம். 1908-இல் சக்காரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி லூடெரிட்ஸ் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு கல் மின்னியது. அதைத் தன் மேலாளர் ஆகஸ்ட் ஸ்டவுக்கிடம் கொடுத்தார். ஸ்டவுக் கோடீஸ்வரர் ஆனார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அதே வருடம், அப்போது இந்த நாட்டை ஆண்ட ஜெர்மானிய அரசு ஆரஞ்சு ஆற்றிலிருந்து வடக்கே 26-ஆம் அட்சரேகை வரை, கடலிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே வரை, மொத்த நிலத்தையும் பூட்டிவிட்டது. ஸ்பெர்கெபீட் என்று பெயர், தடைசெய்யப்பட்ட பகுதி என்று பொருள். 26,000 சதுர கிலோமீட்டர், நூறு வருடம் வெளியாள் யாரும் காலடி வைக்காமல். 2008-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், ஆனாலும் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அப்பா சுரங்கக்காரர் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த வைரங்கள் இங்கே விளைந்தவை இல்லை. தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியிலிருந்து ஆரஞ்சு ஆறு கோடிக்கணக்கான வருடங்களாக உருட்டிக்கொண்டு வந்து கடலில் கொட்டியது. அலையும் கரையோர நீரோட்டமும் அவற்றை வடக்கே தள்ளின. அப்புறம் காற்று மணலை ஊதிவிட்டு, கனமான கற்களைப் பள்ளங்களில் விட்டுவைத்தது. வழியிலேயே பழுதுள்ள கல்லெல்லாம் உடைந்து போய்விட்டதால் மிஞ்சியதில் பெரும்பகுதி நகைக்கு ஆகும் தரம். அதனால்தான் ஆரம்பத்தில் குழியே வெட்டாமல், கூலியாட்களை வரிசையாக வயிற்றில் தவழவிட்டுக் கையால் பொறுக்க வைத்தார்கள். இன்று கரையில் எடுப்பதைவிடக் கடலடியில் எடுப்பது அதிகம். நூறு மீட்டருக்கு மேல் ஆழத்தில் தரையை உறிஞ்சிச் சலிக்கும் கப்பல்கள் அதற்கென்றே இருக்கின்றன.

சரி, வழிக்கு வருவோம். விமானம் விண்ட்ஹூக்கில் இறங்கும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை, ஜோகன்னஸ்பர்க் அல்லது அடிஸ் அபாபாவில் மாறவேண்டும். அடிஸ் அபாபா வழி என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியைப் போவதற்கும் திரும்புவதற்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். விசா நடைமுறையை 2025 ஏப்ரலில் மாற்றியிருக்கிறார்கள், அதற்கு முந்தைய பயணக் கட்டுரைகள் சொல்வதை நம்பவேண்டாம்.

இறங்கிய அன்று வண்டி ஓட்டாதீர்கள். மறுநாள் தெற்கே கீட்மான்ஸ்ஹூப், 500 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. அந்த ஊருக்கு வெளியே குத்துப்பாறைகளுக்கு நடுவே ஒரு விசித்திரமான மரத்தோப்பு உண்டு. அதன் கிளையைக் குடைந்துதான் சான் பழங்குடி வேட்டைக்காரர்கள் அம்பறாத்தூணி செய்தார்கள், மரத்துக்கும் அதே பெயர். சாயங்கால வெயிலில் பார்க்கவேண்டியது. மூன்றாம் நாள் லூடெரிட்ஸ், 330 கிலோமீட்டர், அதுவும் தார். ஆஸ் தாண்டி 20 கிலோமீட்டரில் கருப் என்ற இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குக் காட்டுக்குதிரைகள் வரும். கடைசிப் பத்து இருபது கிலோமீட்டரில் காற்று மணலைச் சாலைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறையுங்கள். சாலையில் கிடக்கும் மணல் நாக்கு பார்க்க மெல்லிசாகத் தெரியும், சக்கரத்தைப் பிடித்தால் விடாது.

லூடெரிட்ஸில் இரண்டு இரவு. காற்றுப் பேய் பிடித்த ஊர், ஆனால் எனக்குப் பிடித்த ஊர். பாறைமேல் 1912-இல் கட்டிய தேவாலயம், நீலமும் மஞ்சளும் பூசிய ஜெர்மன் வீடுகள், மீன்வாசம். அடால்ஃப் லூடெரிட்ஸ் என்ற வியாபாரி 1883-இல் நாமா இனத் தலைவர் ஜோசப் ஃப்ரெடரிக்ஸிடம் கரையிலிருந்து 20 மைல் அகலத்துக்கு நிலம் வாங்கினார். தலைவர் நினைத்தது 1.6 கிலோமீட்டர் மைல். பத்திரத்தில் எழுதியது ஜெர்மன் புவியியல் மைல், ஒன்றுக்கு 7.4 கிலோமீட்டர். 32 கிலோமீட்டர் என்று நினைத்து ஒப்புக்கொண்டது ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஆனது. ஊரை ஒட்டியிருக்கும் ஷார்க் தீவில் இன்று கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். 1905 முதல் 1907 வரை அங்கே ஹெரேரோ, நாமா மக்களை அடைத்துவைத்த முகாம் இருந்தது, பசியிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-இல். நான் அந்தத் தீவில் தங்கமாட்டேன், ஊருக்குள் அறை எடுங்கள்.

ஐந்தாம் நாள் காலை கோல்மான்ஸ்கோப். லெவாலாவின் கல் எழுப்பிய ஊர். பாலைவனத்துக்கு நடுவே நாட்டிய மண்டபம், ஐஸ் தொழிற்சாலை, எக்ஸ்ரே கருவியோடு மருத்துவமனை. தொழிலாளி கல்லை விழுங்கியிருக்கிறானா என்று பார்க்கவும் அந்த எக்ஸ்ரே உதவியது என்பார்கள். குடிதண்ணீர் கேப் டவுனிலிருந்து கப்பலில் வந்தது. 1928-இல் தெற்கே ஆற்று முகத்துவாரத்தருகே இதைவிடப் பெரிய கற்கள் கிடைத்ததும் ஊர் மெல்லக் கரைந்தது, 1956-இல் கடைசிக் குடும்பமும் போய்விட்டது. இப்போது அறைகளில் ஜன்னல் மட்டம் வரை மணல். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் திறந்திருக்காது, காற்றும் கிளம்பிவிடும். கீழே கிடக்கிற எந்தக் கல்லையும் பையில் போடாதீர்கள். பட்டை தீட்டாத வைரத்தை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம், விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அப்பாவுக்குச் சொல்ல இன்னொரு கதை இருக்கிறது. 2008-இல் தெற்கே ஒராஞ்ஜெமுண்ட் பக்கம் கடலைத் தடுத்து மண்கரை கட்டி, நீரை இறைத்து வைரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வாரி இயந்திரத்தில் செப்புக் கட்டிகள் அகப்பட்டன. தோண்டத் தோண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகள், யானைத் தந்தங்கள், பீரங்கிகள். 1533-இல் லிஸ்பனிலிருந்து கிளம்பிய போம் ஜேசுஸ் என்ற போர்த்துகீசியக் கப்பல் என்று கண்டுபிடித்தார்கள். அது போய்க்கொண்டிருந்தது இந்தியாவுக்கு. நம் கரையில் மிளகு வாங்கக் கொண்டுவந்த செம்பு, வைர மணலுக்குள் 475 வருடம் கிடந்திருக்கிறது.

அன்று இரவு ஆஸில் தங்கி, மறுநாள் செஸ்ரியம். 350 கிலோமீட்டருக்குப் பக்கம், ஆஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் தார் முடிந்துவிடும். இங்கேதான் நான் சொல்வதைக் கவனமாகக் கேட்கவேண்டும். நமீபியாவில் வெளியூர்க்காரர்களைக் கவிழ்ப்பது கப்பி ரோடு. அகலமாக, நேராக, எதிரே வண்டியே இல்லாமல் நீண்டு கிடக்கும். நூறில் ஓட்டலாம் என்று கை அரிக்கும். சட்டப்படியும் நூறு வரை போகலாம். நீங்கள் 80-ஐத் தாண்டாதீர்கள், வளைவில் 50. உருளைக் கல்மேல் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது, சறுக்கும்போது பிரேக்கை அழுத்தினால் வண்டி உருண்டுவிடும். காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் மெல்லப் பிடிக்கவேண்டும். டயரில் காற்றைத் தார்ச்சாலைக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தால் கல் கிழிப்பதும் குறையும், முதுகெலும்பும் பிழைக்கும். எவ்வளவு என்று வண்டி எடுக்கும் இடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் முதல் மாதத்தில் நான் 110-இல் போய் பின் டயர் கிழிந்தது. ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றே இல்லை. வண்டி எடுக்கும்போது சோதிக்காதது என் தப்பு. அடுத்த வண்டி வர இரண்டேகால் மணி நேரம் ஆனது. வந்த விவசாயி எதுவும் சொல்லாமல் தன் வண்டியிலிருந்து பம்பை எடுத்துக் கொடுத்தார், பிறகு என் தலைக்குத் தொப்பி ஒன்றும் கொடுத்தார். ஆகவே இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள், இரண்டையும் கையால் தட்டிப் பாருங்கள், ஜாக்கி எங்கே இருக்கிறது என்று அங்கேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். காப்பீட்டில் டயர், கண்ணாடி, மணல் உரசல் மூன்றும் பெரும்பாலும் சேராது. மணல் உரசல் என்றால் சிரிக்காதீர்கள். ஜூலையில் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிக் கிழக்குக் காற்று வீசும் நாளில் பெயிண்டையே உரித்துவிடும், அன்று வண்டியை எடுக்கவே கூடாது.

மற்றபடி நமக்கு ஒரு வசதி, அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். பங்க் கண்ணில் பட்டால் அரை டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். பொழுது சாய்ந்தபின் ஓட்டவேண்டாம், கூடு, ஓரிக்ஸ் போன்ற பெரிய மான்கள் சாலையில் நிற்கும், மோதினால் கண்ணாடி வழியாக உள்ளேயே வந்துவிடும்.

மணற்குன்றுப் பூங்காவின் வாசல்தான் செஸ்ரியம். அங்கே இரண்டு இரவு, முடிந்தால் பூங்காவின் உள் வாசலுக்குள்ளேயே தங்குங்கள். அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வழி திறப்பார்கள். மற்றவர்கள் வெளிவாசலில் நின்றுகொண்டே விடிவதைப் பார்க்கவேண்டியதுதான். வாசலிலிருந்து குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சோசுஸ்ஃப்ளே வரை 60 கிலோமீட்டர் தார், கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். மணலில் ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால் தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு அங்குள்ள வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். தினமும் யாராவது ஒருவர் அச்சு வரை புதைந்து நின்றுகொண்டிருப்பார், அது நீங்களாக இருக்கவேண்டாம்.

மணல் செக்கச்செவேல் என்று இருக்கும். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு பார்த்திருக்கிறீர்களா? அதே காரணம்தான், மணிகளின்மேல் இரும்புத் துரு. கடலோரத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும் மணல் உள்ளே வர வர, வயது ஏற ஏறச் சிவக்கும். குன்றின் முகட்டில் ஊதா நிறத்தில் கோடு கோடாகத் தெரிவது கார்னெட் மணல், குமரிக் கரையில் பார்க்கிற அதே சரக்கு. டெட்ஃப்ளே என்ற வெள்ளைக் களிமண் தட்டில் கருகிய மரங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் ஆறு அங்கே வந்தது, மணற்குன்று குறுக்கே விழுந்து மறித்துவிட்டது. பல நூறு வருடமாக மக்கக்கூட ஈரம் இல்லாததால் மரம் அப்படியே நிற்கிறது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் மணல் நடை. அப்பா மெதுவாக நடந்தால் போதும், 300 மீட்டருக்கு மேல் உயரமான பிக் டாடி என்ற குன்றில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். விடியற்காலை உறைகிற குளிர் இருக்கும். ஸ்வெட்டர், குல்லாய், கையுறை கட்டாயம்.

எட்டாம் நாள் சாலிட்டேர் வழியாகக் கடலுக்கு. சாலிட்டேர் என்பது ஒரு பங்க், ஒரு பேக்கரி, துருப்பிடித்த பழைய கார்கள், அவ்வளவுதான். ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம் குய்செப் பள்ளத்தாக்கு வரும். பாலத்தருகே நிறுத்தி இறங்கிப் பார்க்கவேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்ற இரண்டு ஜெர்மன் புவியியலாளர்கள் சிறை முகாமுக்குத் தப்பி, ஒரு நாயோடு இந்தப் பள்ளத்தாக்குகளில் இரண்டரை வருடம் ஒளிந்து வாழ்ந்தார்கள். வேட்டையாடித் தின்றுகொண்டே பாறைகளையும் ஆராய்ந்தார்கள், தொழில் புத்தி போகுமா. எப்போதாவது பெருக்கெடுக்கிற இந்தக் குய்செப் ஆறுதான் மணல் கடலுக்கு வேலி. தெற்கே சிவப்புக் குன்றுகள், வடக்கே சாம்பல் நிறக் கற்சமவெளி.

கடைசி மூன்று இரவு ஸ்வாகோப்முண்ட். வால்விஸ் பே 35 கிலோமீட்டர்தான். அங்கே காயலில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள், பக்கத்தில் இளஞ்சிவப்பு உப்பளங்கள். சில நாள் ஊரே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சாக்கடை என்று நினைக்காதீர்கள், கடலடிச் சேற்றிலிருந்து கந்தக வாயு கிளம்பி வருவது. தெற்கே சாண்ட்விச் ஹார்பரில் மணற்குன்று நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. நீங்கள் ஆசைப்பட்ட கடலோரப் பயணம் இந்த ஒரு நாள்தான். அலை இறங்கும் நேரம் தெரிந்த ஓட்டுநரோடுதான் போகவேண்டும், வாடகைக் காரை அங்கே இறக்கினால் அதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கும்.

பத்தாம் நாள் வடக்கே. அந்தச் சாலை தார் போலக் கறுப்பாக இருக்கும், உண்மையில் உப்புநீர் ஊற்றி இறுக்கிய மண். காய்ந்தால் அருமை, மூடுபனி இறங்கினால் சோப்பு. ஹென்டீஸ் பே ஊருக்கு 14 கிலோமீட்டர் முன்பு அலைக்குள் ஒரு கப்பல் சாய்ந்து நிற்கும், நீர்க்காக்கைகள் குடியிருக்கும். செய்லா என்ற மீன்பிடிக் கப்பல். இந்திய நிறுவனம் ஒன்றுக்குப் பழைய இரும்புக்காக விற்று, மும்பைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பியபோது 2008-இல் கயிறு அறுந்து கரை தட்டியது. வழியில் யாரும் இல்லாத மேசைகளில் உப்புப் படிகங்கள் வைத்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு டப்பா. பிடித்ததை எடுத்துக்கொண்டு காசைப் போடவேண்டியதுதான். கேப் கிராஸில் 1486-இல் போர்த்துகீசிய மாலுமி டியோகோ காவ் நட்ட சிலுவைத் தூணின் நகல், அதைச் சுற்றி லட்சக்கணக்கில் கடல்நாய்கள். கத்தலும் நாற்றமும் சேர்ந்து அடிக்கும், மூக்குக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வடக்கே எலும்புக்கூட்டுக் கரை. இந்த முறை அதை விட்டுவிடுங்கள், நீண்ட ஓட்டம், சிறிய பலன்.

மறுநாள் விண்ட்ஹூக் திரும்பும் 360 கிலோமீட்டர் தார்ச்சாலையில் முதல் ஒரு மணி நேரம் அப்பாவுக்கானது. அராண்டிஸ் ஊரருகே ரோசிங் யுரேனியச் சுரங்கத்தின் கழிவு மலைகள் தெரியும். 1976 முதல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், குழி 3 கிலோமீட்டர் நீளம். ஒரு டன் பாறையில் சில நூறு கிராம்தான் யுரேனியம், அதற்குத்தான் அத்தனை மலை. நெய்வேலியில் தண்ணீரை வெளியே இறைத்துத்தான் நிலக்கரி எடுக்கவேண்டும். இங்கே தண்ணீரே கிடையாது. கடல்நீரை உப்பகற்றிக் குழாயில் கொண்டுவந்து சுரங்கம் நடத்துகிறார்கள். இதை அவரிடம் சொல்லுங்கள், மீதி வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வருவார். அதையும் தாண்டி ஸ்பிட்ஸ்கோப்பே மலைக்குத் திரும்பும் இடத்தருகே சிறு தோண்டுகாரர்கள் கல் விற்கிறார்கள். அமெதிஸ்ட், டூர்மலின், புஷ்பராகம் எல்லாம் இருக்கும். மோதிரத்துக்கு ஆகும் என்று நினைத்து வாங்காதீர்கள், மேசைமேல் வைக்க ஆகும்.

சாப்பாடு: ஊர் முழுக்க இறைச்சி, கடலோரத்தில் மீன். சைவம் என்றால் அரிசி, பருப்பு, ஊறுகாய், ஒரு சின்ன குக்கர் கொண்டுபோங்கள், பல தங்குமிடங்களில் அடுப்பு உண்டு. தென்னாப்பிரிக்க ராண்ட் அங்கே அதே மதிப்பில் செல்லும், நமீபிய டாலர் வெளியே செல்லாது, திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள். இந்தக் கரையில் மலேரியா பயம் இல்லை. ஜூலையில் செஸ்ரியம் வாசலுக்குள் அறை சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் அதைப் பதிவு செய்யுங்கள், கிடைக்கிற தேதியை வைத்து மற்ற நாட்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம்.